மாறினது மட்டும்

கம்பம் நட்ட அன்று அண்ணன் இருந்தான். அண்ணி இருந்தாள். நான் இருந்தேன். சிமெண்ட் கலக்கக் கீழேயிருந்து வந்த கொத்தனார் ஒருவர் இருந்தார். கம்பெனியின் பெரிய சார் இருந்தார். சேறு படாமல் ஜீப்பை ஒட்டியே நின்றார். மேடத்தின் அம்மா இருந்தார்; மகள் வேலை செய்யப் போகிற மலையைப் பார்க்க வேண்டும் என்று கூடவே ஜீப்பில் ஏறி வந்திருந்தார். மேடம் இருந்தார்.

மேடத்தின் பேரை நான் எழுதவில்லை. "எழுதி இன்னா ஆவப் போவுது" என்றாள் அண்ணி.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. படவேட்டுப் பக்கமிருந்து ஏறி வருகிற ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேலே பெரிய சரிவு. சரிவின் அடியில் அண்ணன் வீடு. கம்பம் நடுவதற்கு முந்தின மழையில் ஒரு பாறை உருண்டு வந்து ரோட்டில் நின்றது. பஸ் கொஞ்சத்தில் தப்பியது. அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள். சரிவுக்கு அடியில் இருக்காதே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடம் தருகிறோம், வீடு கட்டிக்கொள் என்று அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவன் வைத்த பலா காய்க்க ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே சாமைக் கொல்லை. அடுத்த மழைக்குள் முடிவு சொல்கிறேன் என்றான்.

அந்த நேரத்தில்தான் கம்பம் வந்தது. வளைவுக்கு எதிரே, அசையாத பாறையில் துளை போட்டு நட்டார்கள். உச்சியில் ஒரு டப்பா, கவிழ்த்து வைத்த சொம்பு மாதிரி. அதன் வயிற்றுக்குள் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். செகண்டுக்குப் பத்துச் சுற்று. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை நாலா பக்கமும் வீசும். வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அது எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளும். ஒரு தடவை பட்டால் ஒரு புள்ளி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆயிரக்கணக்கில் புள்ளி.

"காவலூர்ல வானத்தப் பாக்க ஒரு மெஷின் கீது. இது இன்னாத்தப் பாக்குது?" என்று அண்ணன் கேட்டான்.

"உங்க வூட்ட" என்றார் மேடம்.

அண்ணனுக்குப் புரிய வைக்க, அண்ணியிடம் ஒரு கை சாமை வாங்கி ஒரு பாறையின் மேல் தூவினார். பாறை எங்கெங்கே மேடோ அங்கே மேடாகவும், பள்ளத்தில் பள்ளமாகவும் சாமை நின்றது.

"பாறைய எடுத்துட்டு சாமைய மட்டும் அப்படியே நிறுத்துனா எப்டி இருக்கும்? அதான் இந்த டப்பா பாக்குற மலை."

"நல்லாத்தான் கீது. சாமையத் திருப்பிப் பொறுக்கிக் குடுத்துட்டுப் போங்க" என்றான் அண்ணன், சிரிக்காமல்.

அவன் விளையாடுகிறான் என்று மேடத்துக்குத் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அப்படியும் அவர் விடவில்லை. பாறை இடுக்கில் விழுந்த மணியைக்கூட ஈர்க்குச்சியால் தள்ளி எடுத்தார். அன்றைக்கு ஒன்றையும் விடாதவராக இருந்தார்.

அந்த டப்பாவைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. கண்ணாடியைத் துடைக்கணும். சோலார் பலகையைத் துடைக்கணும். கொடி ஏறாமல் பார்க்கணும். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். இந்த வேலைக்கு அது போதும்.

எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் ஒரு கோடுதான் வரும். மழை பெய்தால் அதுவும் தள்ளாடும். அந்த ஒரு கோட்டின் வழியாகத்தான் எல்லாப் புள்ளியும் கலசப்பாக்கத்தில் கம்பெனி எடுத்திருந்த அறைக்குப் போகணும். அங்கே கம்ப்யூட்டர் பார்த்து, மலை அசைந்தால் அண்ணன் வீட்டில் மாட்டின சைரனை அடிக்கும். வளைவுக்குக் கீழே சிவப்பு விளக்கு போடும், பஸ் நிற்கும். இவ்வளவும் கண் சிமிட்டுவதற்குள் நடக்கணும். பெரிய கூடையில் இருப்பதைச் சின்னச் சுருக்குப்பையில் கட்டி அனுப்புகிற மாதிரி வேலை. அந்தக் கட்டுகிற வேலைதான் மேடத்துடையது.

எப்படிக் கட்டுவீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரோடு சமமா இருக்கு. அத ஆயிரம் புள்ளியா எதுக்கு சொல்லணும்? சமமா இருக்குன்னு ஒரு வாட்டி சொன்னா போதும். அந்தப் பாறை போன சுத்துல அங்க இருந்துச்சு. இந்தச் சுத்துலயும் அங்கியேதான் இருக்கு. எதுக்குத் திருப்பிச் சொல்லணும்? மாறுனத மட்டும் சொல்லு. மிச்சத்த விட்டுடு."

அவரும் அப்படித்தான் இருந்தார். டப்பாவுக்கு அவர் சொல்லிக்கொடுத்தாரா, டப்பாவிடம் கற்றுக்கொண்டாரா தெரியாது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். பள்ளிக்கூடத்துப் பக்கத்து அறையில் தங்குவார். சனிக்கிழமை கலசப்பாக்கம் போய்விடுவார். வந்ததும் என்னைக் கேட்பது ஒன்றுதான்.

"இன்னா மாறுச்சு?"

முதலில் நான் எல்லாம் சொன்னேன். காத்து அடிச்சுது மேடம், ஆடு வந்துச்சு, பனி எறங்குச்சு.

"ஆடு நேத்தும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப அத விடுங்க."

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. "ஒன்னும் இல்ல மேடம்" என்பேன். "நல்லது" என்பார். எனக்கும் பேச்சு வராது. அதனால் அவரைப் பிடித்திருந்தது.

அண்ணிக்குத்தான் கஷ்டம். அவள் எதையும் முதலிலிருந்து சொல்கிறவள். "காலைல எழுந்தனா, எழுந்து வாசத் தெளிச்சனா, அந்த நேரம் பாத்து இந்த மனுசன்..." என்று இழுப்பாள். மேடம் கையைத் தூக்குவார்.

"அக்கா, கடைசிய மட்டும் சொல்லுங்க."

"கடைசிய மட்டும் சொன்னா சிரிப்பு வராதே மேடம்."

"பரவால்ல."

"இந்தப் பொண்ணுக்கு மாப்ள பாத்தா, போன மாப்ளைக்கும் இந்த மாப்ளைக்கும் இன்னா வித்தியாசம்னுதான் கேக்கும்" என்பாள் அண்ணி. மேடம் கோபப்பட மாட்டார். களியை உருட்டி வாயில் போட்டுக்கொள்வார். அண்ணி வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. தினம் களி, தினம் மொச்சைக் குழம்பு. நல்லா இருக்கு என்று முதல் நாள் ஒரு தடவை சொன்னார். மறுபடி சொன்னதில்லை. மாறவில்லையே, எதற்குச் சொல்லணும்.

அம்மாவிடம் போனில் பேசுவதும் அப்படி. "சொல்லும்மா. புதுசா ஏதாவது உண்டா? இல்லையா? சரி, வச்சிர்றேன்." பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவோடுதான் இருப்பார்.

ஆரம்பத்தில் சைரன் சும்மா சும்மா அடித்தது. குரங்கு கிளையில் தாவினால் அடித்தது. காற்றில் இலை ஆடினால் அடித்தது. அண்ணன் ஒவ்வொரு தடவையும் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

"மேடம், மலை வுழுந்து சாவ மாட்டேன். இந்த சைரன் சத்தத்துலயே நெஞ்சு நின்னு சாவப் போறேன்."

"சரி பண்றேண்ணா."

சரி பண்ணினார். போன சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் நாலு விரல் அளவுக்கு மேல் நகர்ந்தால்தான் மாற்றம் என்று டப்பாவுக்குச் சொன்னார். அதற்குக் குறைந்தால் ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம், அனுப்ப வேண்டாம். இலை ஆட்டம் போய்விட்டது. மூட்டையும் சிறிதாகிவிட்டது. ஒரே வேலையில் இரண்டு லாபம் என்றார்.

ஆனால் இன்னொன்று இருந்தது. தினம் விடியும்போது டப்பா ஒரு முழுப் படம் அனுப்பும். மலை, ரோடு, வீடு, எதையும் விடாமல். அந்த ஒரு கோட்டில் அது போய்ச் சேர நேரம் பிடிக்கும். மலை ரோட்டில் புளி மூட்டை லாரி முன்னால் போனால் பின்னால் பஸ் எப்படி ஊர்ந்து வருமோ, அப்படி மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் காத்திருக்கும்.

பெரிய சார் வந்த அன்று அது தெரிந்துபோனது. விடிகாலையில் வந்து, சரிவில் ஒரு கல்லை உருட்டச் சொன்னார். அண்ணன் உருட்டினான். கல் ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் சைரன் அடித்தது.

"கல்லு வந்து சேந்தப்புறம் அடிக்கிற சைரன் யாருக்கும்மா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். "அடுத்த மாசம் மேலிடத்துலேர்ந்து பாக்க வர்றாங்க. அப்பவும் இப்டின்னா கம்பத்தப் புடுங்கிட்டுப் போவ வேண்டியதுதான்."

மேடம் நேரே அறைக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவும் வரவில்லை. முழுப் படத்தை வாரத்துக்கு ஒன்று ஆக்கினார். பிறகு அதையும் நிறுத்தினார்.

"மொத நாள் படம் கீழ இருக்கு. அதுக்கு மேல மாறுனது எல்லாம் வந்துட்டே இருக்கு. ரெண்டையும் கூட்டுனா இன்னிக்குப் படம். தனியா ஒன்னு எதுக்கு?" என்றார்.

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்கும் அதில் ஓட்டை தெரியவில்லை.

மேலேயிருந்து வந்தார்கள். அண்ணன் கல்லை உருட்டினான். கல் அவன் கையை விட்டதும் சைரன் அடித்தது. கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். மேடம் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சொந்தச் செலவில் ஊருக்கெல்லாம் காராபூந்தி வாங்கிக் கொடுத்தார்.

அண்ணன் பூந்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மேடம், ஒன்னு கேக்கறேன். நாங்க இங்கியே இருக்கலாமா, அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போவட்டுமா? நீங்க சொல்லுங்க."

"இருங்கண்ணா. மலை அசைஞ்சா இது சொல்லிடும்."

அண்ணன் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிவிட்டான். மெஷின் பாத்துக்குது சார், நான் இங்கியே இருந்துக்கறேன்.

ஆடியில் ஊர்ப் பொங்கல். மேடத்தின் அம்மாவை அண்ணி கூப்பிட்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கினவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, ஆளே பாதியா ஆய்ட்டீங்க?"

"போன வாரம் மாதிரிதான் இருக்காங்க அக்கா" என்றார் மேடம்.

"போன வாரத்த வுடுங்க. கம்பம் நட்டப்ப நான் பாத்தேன். கையப் புடிச்சு மேட்டுல ஏத்துனேன். அப்ப வளையல் சதைல பதிஞ்சு கெடந்துச்சு. இப்ப பாருங்க." அந்த அம்மாவின் கையைத் தூக்கினாள். வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

மேடம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சர்க்கரை, ரொம்ப ஏறிப்போய்விட்டது என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். தேறிவிட்டார். மேடம் அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. அண்ணன் வீட்டுக் கதவு பிடிக்க ஆரம்பித்தது. பலா மரக் கதவு, அவனே செய்தது. முதலில் கீழ்ப்பக்கம் உரசியது. இழைப்புளி போட்டுச் சீவினான். நாலு நாள் நன்றாக இருந்தது. மறுபடி மேல் மூலையில் பிடித்தது. அங்கேயும் சீவினான்.

மழைக்கு ஒதுங்கி வந்த மேடம் வழக்கம்போலக் கேட்டார். "இன்னா மாறுச்சுண்ணா?"

"கதவு புடிக்குது மேடம். மழைக்கு மரம் ஊதிப்போச்சு. சீவச் சீவப் புடிக்குது."

"மலைல?"

"மலை அங்கியேதான் கீது. எங்க போவும்?"

எல்லோரும் சிரித்தோம். மழைக்குக் கதவு ஊதுவது எல்லோர் வீட்டிலும் உண்டு. என் வீட்டுக் கதவும் பிடித்தது.

அந்த மழை முழுக்க டப்பா சொன்னதும் அதுதான். போன சுற்று மாதிரியே. போன சுற்று மாதிரியே.

அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது. அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கம்பத்தடியில் சோலார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குளிருக்கு அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். கூரையிலிருந்து புகை வந்தது. கஞ்சி காய்ச்சியிருப்பான்.

சைரன் அடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சரிவு மொத்தமும், மரங்கள் நின்றபடியே, நடந்து வந்தது. நான் கத்தினேன். அண்ணன் கதவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஆடியது. திறக்கவில்லை. மறுபடி ஆடியது. ஏதோ வெட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்கு ஒரே வாசல். ஜன்னலுக்குக் கம்பி.

அப்புறம் கதவு இல்லை. மண்தான் இருந்தது.

ஊரே தோண்டினோம். கதவு நிலையிலேயே இறுகிக் கிடந்தது. நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்பக்கம் கொடுவாள் வெட்டு இரண்டு இருந்தது. அண்ணன் அதன் பின்னால் இருந்தான்.

சிவப்பு விளக்கைப் பார்த்துப் பஸ் கீழேயே நின்றிருந்தது. அதில் வந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் மேடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பெரிய சார் டிவிக்காரர்களிடம் பேசினார். சைரன் சரியாக அடித்திருக்கிறது, ஒரு நொடிகூடத் தாமதம் இல்லை என்றார். பொய் சொல்லவில்லை.

மேடம் கம்பத்தில் ஏறி டப்பாவைத் திறந்தார். அனுப்பாமல் விட்டதெல்லாம் சில நாளைக்கு உள்ளே ஒரு சின்ன கார்டில் தங்கியிருக்குமாம். முதல் நாள் படத்தையும் மலை சரிந்ததற்கு முந்தின நாள் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து என்னிடம் காட்டினார். முதல் நாளுக்கு வெள்ளைப் புள்ளி. முந்தின நாளுக்குச் சிவப்புப் புள்ளி. வெள்ளை ஒரு இடத்தில் இருந்தது. சிவப்பு அதற்கு ஓர் ஆள் நீளம் கீழே இருந்தது. அண்ணன் வீட்டுக் கதவு நிலையும் தெரிந்தது. வெள்ளையில் நேராக இருந்தது. சிவப்பில் சாய்ந்திருந்தது.

"அந்த மழை முழுக்க எறங்கிட்டே இருந்திருக்கு" என்றார். "ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல ஒன்னுமே இல்ல. மயிரளவுகூட இல்ல. நான்தான் நாலு விரல்னு சொன்னேன். அதுக்குக் கீழ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுச்சு. நான் சொன்னத செஞ்சுச்சு."

கொஞ்சம் கழித்து, "எங்கம்மா வளையல்..." என்றார். 

பெரிய சாரும் அந்தப் படத்தைப் பார்த்தார். "இதெல்லாம் வெளிய வேணாம். சைரன் அடிச்சுதா இல்லையா? அதோட விடு" என்றார். மேடம் விடவில்லை. கருமாதிக்கு வந்து, ஊர்க்காரர்கள் முன்னால் நின்று, அந்தப் படத்தைக் காட்டி எல்லாம் சொன்னார்.  பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்களுக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. மலை சரிந்த அன்று பஸ்ஸில் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிறகு அண்ணியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா. அண்ணனப் பத்தி சொல்லுங்க."

அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்கக்கா. எதையும் விட வேணாம். எவ்ளோ நேரம் ஆனாலும் கேக்கறேன்."

"உங்களுக்குத்தான் அதெல்லாம் புடிக்காதே" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "மாறுனது மட்டும் சொல்றேன். அவரு இல்ல."

அண்ணி அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் முதலிலிருந்து சொன்னதில்லை. எதைக் கேட்டாலும் கடைசியை மட்டும் சொல்கிறாள்.

மேடம் அந்த வேலையை விட்டுவிட்டார். மலைக்கு மறுபடி வரவில்லை. கம்பம் இருக்கிறது. வேறு ஆள் வந்திருக்கிறார். தினம் விடியும்போது முழுப் படம் போகிறது. அந்தச் சரிவில் இப்போது வீடு இல்லை. கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன்.

கருமாதி அன்று சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். வளைவில் போய் நின்றோம். பஸ் கீழே ஏறி வருகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"மேடம். சைரன் அடிச்சதுக்கும் மண்ணு வூட்ட மூடுனதுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

அவர் போனை எடுத்துப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

"பதினோரு செகண்டு."